பின்சக்கரம் இல்லாத வண்டி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குக் கிடைக்கும் வேலைகளில் பெரும்பாலானவை நின்றுகொண்டே செய்ய வேண்டியவை. ஓட்டலில் மேசை துடைத்தேன். லாரியில் கிளீனராகப் போனேன். விசாகப்பட்டினத்தில் மூட்டை தூக்கினேன். பம்பாயில் ஒரு சாயப்பட்டறையில் கால் வெந்து திரும்பினேன். முதன்முதலாக உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது தி.நகரில்தான். பாண்டி பஜாரில் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த வீடியோ கேம் கடை அது. தொண்ணூறுகளின் நடுவில் இந்த மாதிரிக் கடைகள் நகரத்தில் அங்கங்கே முளைத்திருந்தன. எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது.

முதலாளி ராயப்பேட்டைக்காரர், வீட்டில் உருது பேசுகிறவர். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவோம். துப்பாக்கி மெஷின், குத்துச்சண்டை மெஷின், விமான மெஷின் என்று சுவரோரம் வரிசையாக நிற்கும். நடுவில் கார் மெஷின். அதற்கு மட்டும் உட்கார நாற்காலி உண்டு. ஸ்டியரிங், ஆக்சிலேட்டர், பிரேக் எல்லாம் உண்டு. என்னிடம் வாங்கிய டோக்கனைப் போட்டால் திரையில் ஒரு மலைப்பாதை விரியும். நீலக் கார் ஒன்று கிளம்பும். கொடுத்த நேரத்துக்குள் முதல் வளைவைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் நேரம் தரும். தாண்டாவிட்டால் ஆட்டம் முடிந்தது. எதிலாவது மோதினால் கார் தூக்கி எறியப்பட்டு உருண்டு, தலைகுப்புற விழும். பிறகு கொஞ்சம் மினுக்கிவிட்டு, ஒரு கீறல் இல்லாமல் சாலை நடுவில் எழுந்து நிற்கும்.

நான் ராத்தங்கியதும் அந்தக் கடைக்குள்தான், இரண்டு மெஷின்களுக்கு நடுவே கோரைப்பாய் விரித்து. காலையில் கடை திறப்பதற்கு முன் தனியாக உட்கார்ந்து ஓட்டுவேன். அதிகப் புள்ளி எடுத்தவர் திரையில் மூன்று எழுத்து பதியலாம். என் எழுத்துகள்தான் எப்போதும் மேலே இருந்தன. என் பெயரை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை என்பதால் அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. கடை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். மறுநாள் காலை மறுபடியும் பதிவேன். வெகுநேரம் ஓட்டிவிட்டு டீ குடிக்க வெளியே வந்தால், நான் நிற்க உஸ்மான் ரோடு என்னை நோக்கி ஓடி வருவது போலிருக்கும். ஜனங்கள் பக்கவாட்டில் விலகி மறைவார்கள். கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரியாகிவிடும்.

அந்தக் கடைக்குப் பெரிய ஆட்கள் அதிகம் வரமாட்டார்கள். கல்லூரிப் பையன்கள்தான் வருவார்கள், அதுவும் மதியத்துக்கு மேல். ஒருநாள் முற்பகலில், காலியாக இருந்த கடைக்குள் நாற்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட காக்கி பேண்ட், வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் கார் மெஷினில் உட்கார்ந்தார். டோக்கன் வாங்காமலே ஸ்டியரிங்கில் கை வைத்து, காலால் பெடல்களைத் தடவிப் பார்த்தார். "கிளட்ச் இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டார்.

அவர் ஓட்டியதைப் போல அந்த மெஷினை யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. இடது ஓரமாக, ஒரே சீராக, மெல்ல மெல்லப் போனார். எதிரே லாரி வந்தால் நிறுத்தி வழிவிட்டார். வளைவுக்கு முன்னால் கை தானாக ஹார்னைத் தேடிப்போனது. நொடிக்கொரு தரம் தலை வலப்பக்கம் திரும்பி, தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. அங்கே கடைச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. முதல் வளைவைத் தாண்டும் முன்பே நேரம் முடிந்துவிட்டது. அவருக்கு அது புரியவில்லை. "நான் ஒண்ணையும் இடிக்கலியே" என்றார்.

அதற்குப் பிறகு நாள் தவறாமல் வந்தார். அதே நேரம், அதே காக்கி பேண்ட். ஒருமுறைகூட முதல் வளைவைத் தாண்டவில்லை. சீக்கிரமே வந்துவிட்ட பையன்கள் பின்னால் நின்று சிரிப்பார்கள். "இன்னா நைனா, மாட்டு வண்டியா ஓட்ற? சாட்டை வேணுமா?" என்று ஒருவன் கேட்டான். அவர் கோபப்படவில்லை. "பின்னாடி ஆள் கீது தம்பி, குலுக்காம போவணும்" என்றார். பையன்கள் இன்னும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. லாரியில் கிளீனராக இருந்தவன் ஆதலால், அவர் தலை எதைத் தேடித் திரும்புகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் தேடியது கண்ணாடியை. அந்த மெஷினில் கண்ணாடி இல்லை. பின்னால் என்று ஒன்று இருந்தால்தானே கண்ணாடி இருக்கும்.

ஒருநாள் டீக்கடையில் நிற்கும்போது அவராகவே சொன்னார். ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை வெகு காலமாக ஓட்டிவந்தவர். போன மழைக்காலத்தில் ஒரு காலை, லஸ் பக்கம் திரும்பும்போது, கூடவே சைக்கிளில் வந்த ஒருவர் ஈரத்தில் சறுக்கிப் பின்சக்கரத்துக்குள் விழுந்துவிட்டார். "ஒரு சின்ன தூக்கல்தான் தெரிஞ்சுது. பள்ளம்னு நெனச்சேன்" என்றார். பள்ளம் என்றே நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கிறார். தெருவில் இருந்தவர்கள் கத்தியதைக் கேட்டுத்தான் நிறுத்தினார். கோர்ட்டில் அவர் மீது தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். லைசென்ஸும் திரும்பக் கிடைத்தது. ஆனால் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் கை நடுங்கி, சட்டையெல்லாம் நனைந்துவிடுகிறது. கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், இடத்தை வைத்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. வேலை தேடிப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வருகிறார். "இதுல கை நடுங்கலப்பா" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

அவருடைய வீட்டுக்காரம்மா இதைக் கண்டுபிடித்துவிட்டார். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் இருந்து பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து ஒரு முற்பகலில் கடைக்குள் வந்து நின்றார். இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர். கையில் காய்ந்த மாவு அப்படியே இருந்தது. புருஷன் அவரைப் பார்க்கவில்லை. மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார். சண்டை வரப்போகிறது என்று நான் எழுந்து நின்றேன். சண்டை வரவில்லை. அவர் ஸ்டியரிங் பிடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த அம்மா, என்னை வெளியே கூப்பிட்டார்.

"கை ஆடலியே தம்பி" என்றார். "இதுல ஓட்றவரு அதுலயும் ஓட்டுவாரில்ல?"

ஓட்டுவார் என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விஷயத்தையும் சொன்னார். ஆயுத பூஜைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. திருவான்மியூரில் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஷெட்டில் வருஷா வருஷம் கம்பெனி பஸ்களுக்குப் பூஜை போடுவார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அந்தந்த டிரைவரே வண்டியைக் கிளப்பி அதன்மேல் ஏற்றுவார். இந்த வருஷம் அவருடைய பஸ்ஸை அவரே எடுக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார். எடுத்தால் பூஜை முடிந்ததும் டூட்டி. எடுக்க முடியாவிட்டால் அந்த சீட்டில் வேறு ஆள். அதற்குள் இவரை எப்படியாவது தயார் செய்துவிட வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் வேண்டுகோள்.

பாயிடம் சொன்னேன். கூட்டம் இல்லாத நேரத்தில் டோக்கன் இல்லாமலே ஓட்டட்டும் என்றார். "சும்மா நிக்கற மெஷின்தானே. ஓடினா நல்லதுதான்."

இப்படித்தான் தொடங்கியது. மெல்ல ஓட்டினால் பயம் போகாது என்பது என் கணக்கு. அவரிடம் சொன்னேன்: "அண்ணே, இதுல யாரும் சாகறதில்ல. வழி விடாதீங்க. இடிச்சுத் தள்ளிட்டுப் போங்க." அவர் ஒத்துக்கொள்ள நாளாயிற்று. முதல் தடவை கார் லாரியில் மோதி உருண்டபோது ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தோளைத் தொட்டு, பாருங்கள் என்றேன். கண்ணைத் திறந்தார். நீலக் கார் மினுக்கிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து நின்றது. "இங்க மட்டும் எழுந்துக்குது" என்றார். அன்று மேற்கொண்டு ஓட்டாமல், யாரும் ஓட்டாதபோது அந்தக் கார் தானாகக் கவிழ்ந்து எழும் மாதிரிக் காட்சி திரையில் திரும்பத் திரும்ப ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவருக்குக் கண்ணெதிரே எழும்பியது என்ன என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு ஊரில் விழுந்தால் எழுந்து இன்னொரு ஊர் போய் நிற்பது என் வழக்கம். கீறல் தெரியாது. புது ஊரில் யாருக்கும் பழையது தெரியாது. இத்தனை வருஷமும் நான் ஓட்டியது அந்த மெஷினைத்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அவர் வேகமாகப் பிடித்துக்கொண்டார். ஓட்டத் தெரிந்தவர் இல்லையா. இடித்தார், தள்ளினார், உருண்டார், எழுந்தார். முதல் வளைவைத் தாண்டிய அன்று பையன்கள் கைதட்டினார்கள். "மாமா கலக்கிட்டாரு மச்சி" என்றான் சாட்டை வேணுமா என்று கேட்டவன். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூன்று எழுத்துப் பதியச் சொன்னோம். என்ன எழுதுவது என்று தெரியாமல் தன் பஸ்ஸின் நம்பரைப் போட முயன்றார். மெஷின் எண்களை ஏற்கவில்லை.

சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொள்ள ஆரம்பித்தார். பேச்சு கூடியது. வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறார், தூக்கத்தில் அலறுவதில்லை என்று அந்த அம்மா வந்து சொல்லி, ஒரு தூக்கில் இட்லி கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஒரே ஒருமுறை, டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது, அவர் இரண்டு பக்கமும் பார்க்காமல் உஸ்மான் ரோட்டில் இறங்கினார். ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு நின்றது. ஆட்டோக்காரர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். இவர் சிரித்துக்கொண்டே என்னிடம், "ஒண்ணும் ஆவல" என்றார். நானும் சிரித்தேன். தலை வலப்பக்கம் திரும்பும் அந்தப் பழக்கம் மெஷினில் எப்போது நின்றுபோனது என்று நான் கவனிக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை எங்கள் கடையிலும் பூஜை. பாய் தனக்கு அதில் வேலையில்லை என்றாலும், பொரி கடலையும் பூவும் அவரே வாங்கி வந்து தந்துவிட்டு வெளியே நின்றுகொள்வார். மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். டிரைவர் சீக்கிரமே வந்திருந்தார். நெற்றியில் திருநீறு, புதுச் சட்டை. ஷெட்டுக்கு என்னையும் அழைத்துப் போக வந்திருந்தார். கார் மெஷினுக்கு மாலை போட்ட பிறகு கையில் ஒரு எலுமிச்சம்பழம் மிஞ்சியது. அதை எங்கே வைப்பது என்று இரண்டு பேரும் மெஷினைச் சுற்றி வந்தோம்.

"சக்கரம் எங்கப்பா இதுக்கு?" என்றார்.

வண்டி என்றே சொல்லிப் பழகிவிட்டதால் அதுவரை எனக்கும் அது தோன்றவில்லை. ஆக்சிலேட்டருக்குக் கீழே வைத்துக் காலால் மிதித்தால் ஆகாதா என்றேன். அவர் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஷெட்டில் பஸ்கள் வாழைக்கன்றும் மாவிலையும் சாமந்தி மாலையுமாக நின்றிருந்தன. கடல்காற்றில் வாழை இலை கிழிந்து படபடத்தது. வீட்டுக்காரம்மா சுண்டலோடு முன்பே வந்திருந்தார். டிரைவருடைய பஸ்ஸின் முறை வந்தது. பூசணிக்காய் சுற்றினார்கள், கற்பூரம் காட்டினார்கள். சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்தாயிற்று. அவர் ஏறி உட்கார்ந்தார். நான் டிரைவர் ஜன்னலுக்கு அருகில் நின்றேன். கையைத்தான் பார்த்தேன். நடுங்கவில்லை. கீழே நின்ற அந்த அம்மாவும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் முன்னால் நின்று, "எடுப்பா" என்றார். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் எடு எடு என்றார்கள்.

பின்சக்கரத்தில் வைத்திருந்த பழம் சரிவில் உருண்டிருக்கிறது. அந்த பஸ்ஸின் கிளீனர், தலை நரைத்த மனிதர், அதை எடுத்து மறுபடி வைக்கக் குனிந்திருக்கிறார். நான் திரும்பியபோது அவர் கை சக்கரத்துக்கு அடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பெரிய கண்ணாடி, சந்தனப் பொட்டோடு, அந்தக் குனிந்த முதுகைத் தெளிவாகக் காட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் நேரே முன்னால் பார்த்து, ஆக்சிலேட்டரை மிதித்தார்.

நான் கத்துவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கிளீனர் கையை இழுத்துக்கொண்டு மல்லாந்து மண்ணில் விழுந்தார். பஸ் ஒரு முழம் நகர்ந்து நின்றது. முன்னால் எல்லோரும் கைதட்டினார்கள். கிளீனர் எழுந்து பின்புறம் தட்டிக்கொண்டே, "இன்னா நைனா, பழத்தோட என்னியும் சேத்துப் புழியப் பாத்தியே" என்று சிரித்தார். தோளில் கிடந்த துண்டு மட்டும் சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூஜை நாளில் இப்படி ஏதாவது நடக்கும், சொல்லிச் சிரிப்பார்கள்.

டிரைவர் இறங்கிப் பின்னால் வந்தார். நசுங்கிய பழத்தையும் துண்டையும் பார்த்தார். உட்கார்ந்து துண்டை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணாடியப் பாக்கலப்பா நானு."

ஒன்றும் ஆகவில்லையே அண்ணே என்றேன்.

"ஆவல. துண்டு மேல ஏறிச்சே, அதுகூட தெரியல. அன்னிக்கு ஒரு தூக்கலாவது தெரிஞ்சுது." துண்டின் நுனியைக் கையிலிருந்து விட்டார். "அங்க ஓட்ன மாதிரியே இருந்துச்சு."

எழுந்து போய்ச் சாவியை சூப்பர்வைசர் கையில் கொடுத்தார். நன்றாகத்தானே எடுத்தாய் என்றார் அவர். இல்லைங்க, என்னால் முடியாது என்றார் இவர். காரணம் சொல்லவில்லை. கேட்டவர்கள் பழைய பயம் என்று எண்ணிக்கொண்டார்கள். இவர் கையோ அப்போதும் நடுங்கவில்லை. அதை அவரே விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்த அந்த அம்மா சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். நேரே சூப்பர்வைசரிடம் போய், இந்த பஸ்ஸில் வேறு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டார். அவர் சங்கடப்பட்டார். கிளீனர் தை மாதத்தோடு நிற்கப் போகிறார், ஆனால் டிரைவராக இருந்தவரை அதில் எப்படிப் போடுவது என்றார். "போடுங்க சார்" என்றார் அந்த அம்மா. "பின்னாடி நின்னு பாத்துக்கட்டும்." பிறகு என்னைத் தாண்டிப் போகும்போது, சண்டையில்லாத குரலில், "நீ ஒண்ணும் வேணும்னு செய்யல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டிரைவர் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. நான் அந்த மெஷினில் உட்காருவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். நிறுத்தவில்லை. காலையில் தனியாக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் தலை வலப்பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. அங்கே சுவர் இருக்கும், சுவரில் பாய் மாட்டிய காலண்டர் இருக்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் நீலக் கார் எதிலாவது மோதிவிடும். என் எழுத்துகள் கீழே இறங்கின. பிறகு பட்டியலிலேயே இல்லாமல் போயின. அடுத்த வருஷம் பாய் அந்தக் கடையை மூடினார். நான் நெல்லூருக்கு ஒரு வேலைக்குப் போனேன். இந்த முறை கிளம்பும்போது, விட்டுப்போகும் ஊரில் நான் போன பிறகு என்னென்ன நடக்குமோ என்று பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, அடையாறு சிக்னலில் நின்றிருந்தேன். அந்தக் கம்பெனி பஸ் வந்து திரும்பியது. டிரைவர் சீட்டில் ஒரு இளைஞன். பின்படியில் அவர், அதே காக்கி பேண்ட். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, உடம்பு முழுவதையும் வெளியே சாய்த்துச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை ஒட்டி இரண்டு சைக்கிள்கள் வந்தன. தகரத்தை ஓங்கித் தட்டி, "ஓல்டான்" என்றார். பஸ் நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. சைக்கிள்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். அவர்கள் முழுக்கப் போன பிறகு மறுபடி தட்டி, "ரைட், போலாம்" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். அவர் பார்க்கவில்லை. கண் சக்கரத்தின் மேலேயே இருந்தது. பஸ் பாலத்தின் மேல் ஏறும்வரை அப்படியே இருந்தது.